பாவ்லா

வாரம் மூன்று நாள், நாளுக்கு நானூறு ரூபாய்.
ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் வண்டிக்கு
மும்பையில் இவ்வளவு வாங்குகிறவர்கள்
இவர்கள்தான்.

ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் பக்கம்
பிளைவுட் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கால் உடைந்தவர்கள் வருகிற இடம்.
லிஃப்ட் கிடையாது.
முதல் நாள் முப்பத்திரண்டு படியையும்
உட்கார்ந்தே ஏறினேன், பின்பக்கமாக,
ஒவ்வொரு படிக்கும்
தெரு ஒரு படி தள்ளிப் போனது.

ஃபைலில் என் பெயர் கொள்ளவில்லை.
பவளக்கொடியை வெட்டிக் குறுக்கி
பாவ்லா என்று எழுதியிருந்தார்கள்.
"நல்ல பேர் தாயி" என்றாள் தன்வி ஷிர்சாட்,
"எங்க பாஷையில காலடிகள்."
எங்கள் பாஷையில் என்ன என்று
நான் சொல்லவில்லை.
பெல்ட்டில் ஏறினேன்.
குர்த்தா நுனியில் சிவப்புக் கயிற்றை மாட்டினாள்.
விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், மெஷின் நின்றுவிடும்.
வேகம் பூஜ்யம் புள்ளி எட்டு.
நடக்கிற மாதிரி ஒரு பாவ்லா.

ஆகஸ்டில், மாட்டுங்காவில்,
நாலாவது மாடியில் ரத்தம் எடுத்துவிட்டு இறங்கினேன்.
யாரோ குடையை மடக்கிக்கொண்டு போன ஈரம்.
ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்தபடிதான் விழுந்தேன்.
பதினொரு குழாயில் ஒன்றுகூட உடையவில்லை.
அத்தனை பேருக்கும் சாயங்காலமே ரிசல்ட் போய்விட்டது,
சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு.
எனக்குக் கறுப்புப் படமாக வந்தது.
மறுநாள் கணுக்காலுக்குள்
ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ.

தன்வி என் காலைப் பார்ப்பதில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கேட்கிறாள்.
டக், த.
டக், த.
"இடது கால் பொய் சொல்லுது."

பத்து வருஷம்
அடுத்தவர் கையில் நரம்பு தேடியவள் நான்.
ஊசியைக் கண்டதும் உள்ளே வழுக்கி ஒளிகிற நரம்பு உண்டு.
என் பாதம் இப்போது அந்த ஜாதி,
பட்டும் படாமலும்.
"எறும்பு கடிச்ச மாதிரிதான், அவ்வளவுதான்" என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
தன்வியும் அதையே சொன்னாள்.
மராத்தி எறும்பு.
அதுவும் கடித்தது.

பக்கத்து மெஷினில் வாட்ச்மேன் ராம்சஜீவன்.
முழங்கால்.
பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சம்பளம் வாங்குகிறவர்
நடக்கப் பணம் கட்டுகிறார்.
தெருவில் எந்தக் கார் ஹாரன் அடித்தாலும்
அவர் கை பிடியை விட்டுவிட்டு
நெற்றிக்குப் போகிறது.

ஜன்னலில் ஹார்பர் லைன்.
வடாலா போகிற வண்டியின் கதவில்
ஒற்றைக் காலில் ஆட்கள்.
ஒருவர் சட்டையிலும் கயிறு இல்லை.

ஏழாவது வாரம்.
இரண்டு புள்ளி ஒன்று.
மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது.
நேராக நடந்திருந்தால் கடல் வந்திருக்கும்.
எனக்கு வந்தது அதே ஜன்னல்.

இன்று தன்வி போனில் யாருடனோ
வாடகைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
முடித்துவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்:
"இதில் பாவ்லா யாரு, ராம்சஜீவன் யாரு?"

டக், டக், டக், டக்.

அப்போதுதான் நானும் கேட்டேன்.
கேட்ட உடனே
த.

இறங்கினால் தரை நகர்கிறது.
நின்றபடி எங்கோ போகிறேன்.
தினமும் இப்படித்தான், சுவரைத் தொட்டதும் நிற்கும்.

இறங்கும்போது கெட்ட கால் முதலில்.
பத்தொன்பதாம் படியில் லேபிலிருந்து மெசேஜ்:
திங்கட்கிழமை, மூன்று வீடு, காலை ஆறரை.
லிஃப்ட் இருக்கா என்று எழுதினேன்.

இரண்டு நீல டிக்.
பதிலுக்குக் காத்து
கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன்.
கீழே பிளைவுட் அறுக்கிற சத்தம்.
இன்னும் பதின்மூன்று படி.